பெருந்தீனியும் மனமும்: இஸ்லாமிய அறிவு மரபில் ஒரு பார்வை

கி.பி. 958ஆம் ஆண்டு. இன்றைய ஸ்பெயினின் வடபகுதியில் இருந்த லியோன் நாட்டின் மன்னர் முதலாம் சாஞ்சோ, தம் நாட்டுப் பிரபுக்களாலேயே அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். அவருக்கு எதிராக எழுந்த குறைகளில் முதன்மையானது அவருடைய உடற்பருமன். குதிரையேறிப் படை நடத்த இயலாதவர் அரசராக இருக்கத் தகுதியற்றவர் என்று எதிரிகள் இகழ்ந்தனர். 'பருத்தவர்' என்ற அடைமொழியுடனேயே வரலாறு அவரை இன்றளவும் அழைக்கிறது.

அவருடைய பாட்டி தோதா, பாம்ப்லோனா நாட்டின் அரசி. பேரனுக்கு மருத்துவமும் படையுதவியும் வேண்டி அவர் நாடியது குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானை. இருவருக்குமிடையே இரத்த உறவும் இருந்தது. தோதாவின் தாயே கலீஃபாவின் தந்தைவழிப் பாட்டி. கலீஃபா தம் அவையிலிருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தைப் பாம்ப்லோனாவுக்கு அனுப்பினார். மருத்துவம் குர்துபாவில்தான் நடைபெறும் என்ற நிபந்தனையின்பேரில் பாட்டியும் பேரனும் எதிரி நாட்டின் தலைநகருக்குப் பயணமாயினர். சாஞ்சோ மெலிந்தார். குர்துபாவின் படைத்துணையுடன் 960இல் லியோனை மீட்டார். கைம்மாறாகப் பத்துக் கோட்டைகளைத் தருவதாக அவர் வாக்களித்திருந்தார்.

ஹஸ்தாய் என்ன மருத்துவம் செய்தார்? வாயைத் தைத்தார், கட்டிலோடு பிணைத்தார் என்றெல்லாம் பிற்காலக் கதைகள் பல உண்டு. பழைய கிறிஸ்தவ வரலாற்றாசிரியரான சம்பீரோவோ ஒரு மூலிகையைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடுகிறார். அந்த மனிதர் ஏன் அவ்வளவு உண்டார் என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உடல் மெலிந்தது எழுதப்பட்டது, மனம் எழுதப்படவில்லை.

தேவைக்கு மேல் மனிதன் ஏன் உண்கிறான்? உண்பதைக் குறைக்க நினைப்பவன் ஏன் தோற்கிறான்? இவ்வினாக்களை நம் முன்னோர் எழுப்பவில்லையா? எழுப்பினார்கள். அவ்விடைகளைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செழிப்பு கொண்டுவந்த நோய்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில் பெருந்தீனி ஒரு பொதுப்பிணியாக இருக்க வாய்ப்பில்லை. பசியே அங்குப் பொதுவான அனுபவம். எனினும் வயிற்றை நிரப்புவது குறித்து அக்காலத்திலேயே எச்சரிக்கை எழுந்தது. மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அறிவிக்கும் நபிமொழி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. வயிற்றை மூன்றாகப் பகுத்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் ஒவ்வொரு பங்கு ஒதுக்கச் சொல்லும் அந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், முதுகை நிமிர்த்தும் அளவுக்குச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்பதே அதில் முதலில் வருகிறது. மூன்றிலொரு பங்கு என்பது அதற்கு மேல் வேண்டுவோர்க்கு இடப்பட்ட வரம்பு. மேடைகளில் பிற்பகுதியே மிகுதியும் ஒலிக்கிறது.

இங்கு வேறொரு செய்தியையும் தெளிவுபடுத்துவது நலம். வயிறே நோய்களின் இல்லம், பத்தியமே மருந்துகளின் தலை என்னும் கருத்துடைய வாசகம் நபிமொழியாகவே நம் ஊர்களில் சொல்லப்படுகிறது. ஹதீஸ் ஆய்வாளர்கள் இதனை ஏற்பதில்லை. அது தாயிஃப் நகரத்து அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) குறிப்பிடுகிறார். மருத்துவரின் சொல் மருத்துவரின் பெயரிலேயே வழங்குவதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் நிலை மாறியது. குஸிஸ்தானின் கரும்புச் சர்க்கரையும் அரிசியும், நெடுந்தொலைவிலிருந்து வந்த வாசனைப் பொருள்களும் செல்வர் வீட்டு ஸுஃப்ராவில் குவிந்தன. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக், 1226இல் முஹம்மது அல்-பக்தாதீ ஆகியோர் சமையல் நூல்களை இயற்றினர். உலக இன்பங்களை ஆறாக வகுத்து, அவற்றுள் உணவே மேலானது என்று அல்-பக்தாதீ தம் நூலின் தொடக்கத்தில் வாதிடுகிறார். அதே பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு அபித் துன்யா (ரஹ்) பசியின் சிறப்பைப் பற்றித் தனி நூல் ஒன்றைத் தொகுத்திருந்தார். ஒரே நகரம் சமையல் நூலையும் பசி நூலையும் பெற்றெடுத்தது தற்செயல் அன்று. மேசை நிறைந்த இடத்தில்தான் கையைக் கட்டுப்படுத்தும் கலை தேவைப்படுகிறது.

மருத்துவர்கள் கண்ட மனம்

ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அல்-ராஸீ, 'அத்திப்புர் ரூஹானீ' என்ற நூலை இயற்றினார். 'ஆன்ம மருத்துவம்' என்பது அதன் பொருள். இருபது இயல்கள் கொண்ட அந்நூலில் ஓர் இயல் பெருந்தீனிக்கு உரியது. அதில் தம் அனுபவம் ஒன்றை அவர் விவரிக்கிறார். பக்தாதில் அவருடன் உண்ண அமர்ந்த ஒருவர் அளவின்றிப் பேரீச்சம்பழம் உண்டார். இனி உண்ண முடியாது என்ற நிலையிலும் எஞ்சிய பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் நிறைந்ததா என்று ராஸீ வினவினார். தாம் உண்பதற்கு முன்பிருந்த நிலை திரும்பி, இந்தத் தட்டு மீண்டும் தம் முன் வைக்கப்படாதா என்று ஏங்குவதாக அம்மனிதர் விடையளித்தார். வயிறு நிறைந்த பின்னும் ஆசையின் வேதனை நீங்கவில்லை என்றால், நிறையும் முன்பே நிறுத்தியிருக்கலாமே. அஜீரணத்தின் துன்பமாவது மிஞ்சியிருக்குமே என்று ராஸீ அவருக்கு எடுத்துரைத்தார்.

ராஸீ இங்கே பசியையும் ஆசையையும் வேறு வேறாகப் பிரிக்கிறார். பசி வயிற்றில் தொடங்கி வயிற்றில் முடிகிறது. ஆசை வேறிடத்தில் தொடங்குவதால் வயிற்றை நிரப்பி அதனை முடிக்க முடிவதில்லை.

அவருடைய சமகாலத்தவரான அபூ ஸைத் அல்-பல்கீ (மறைவு கி.பி. 934) இன்னும் ஒரு படி சென்றார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற அவருடைய நூல் உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்துக்கு ஒரு பகுதியுமாக அமைந்தது. உடலின் நோய் மனத்தைத் தாக்கும், மனத்தின் நோய் உடலைத் தாக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேண வேண்டும் என்பது அவர் வாதம். கோபம், அச்சம், துயரம், ஓயாத தீய எண்ணங்கள் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்தார். அவசரத்துக்கு உதவும் மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதைப்போல, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, கலங்கும் வேளையில் அவற்றை எடுத்தாள வேண்டும் என்றார். இஸ்தான்புல் நூலகத்தில் கையெழுத்துப் படியாகக் கிடந்த இந்நூல் 1984இல் அச்சுவடிவப் படியாக வெளிவந்தது. ஸூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ அதன் உள்ளம் பற்றிய பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் தந்தார். இன்றைய அறிதல் நடத்தைச் சிகிச்சையின் முன்னோடியாக அவர் பல்கீயைக் காண்கிறார்.

உடலையும் மனத்தையும் இணைத்துக் காணும் இப்பார்வை அக்கால மருத்துவத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், இயக்கமும் ஓய்வும், கழிவை வெளியேற்றலும் தக்கவைத்தலும், மன உணர்ச்சிகள் ஆகிய ஆறும் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் இன்றியமையாக் காரணங்களாகக் கருதப்பட்டன. யூனானி மருத்துவம் பயில்வோர் இன்றும் இவற்றைப் படிக்கின்றனர். உணவைப் பற்றிக் கேட்கும் மருத்துவர் உறக்கத்தையும் மனநிலையையும் கேட்காமல் விடக்கூடாது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

இப்னு சீனா (980–1037) தம் 'அல்-கானூன்' பெருநூலின் நான்காம் பாகத்தில் உடற்பருமனை ஆராய்கிறார். அளவு மீறிய பருமன் நாளங்களை நெருக்கித் திடீர் மரணத்துக்கு இட்டுச்செல்லும் ஆபத்து உடையது என்று எச்சரிக்கிறார். அவர் கூறும் மருத்துவத்தில் உடலுழைப்பு உண்டு. உணவுக்கு முன் ஹம்மாம் குளியல் உண்டு. பருமனில் பெரிதாகவும் ஊட்டத்தில் சிறிதாகவும் உள்ள உணவைக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. வயிறு நிறைந்த உணர்வு வேண்டும், ஆனால் உடலில் சேர்வது குறைய வேண்டும் என்பதே அவ்விதியின் நுட்பம். கீரையையும் காய்கறியையும் முதலில் உண்ணச் சொல்லும் இன்றைய உணவியல் வல்லுநரும் இதையே கூறுகிறார். நோயாளியைப் பட்டினி போடு என்று இப்னு சீனா கூறவில்லை என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இமாம் கஸ்ஸாலியின் ரொட்டிக் கணக்கு

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் (1058–1111) 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது நூல்களின் தொகுதி. அதில் அழிவுக்கு இட்டுச்செல்பவற்றைப் பேசும் மூன்றாம் கால்பகுதியில் 'கஸ்ருஷ் ஷஹ்வதைன்' இடம்பெறுகிறது. 'ஈராசைகளை முறித்தல்' என்பது பொருள். வயிற்றின் ஆசையும் பாலாசையுமே அவ்விரண்டு. பசியின் பத்துப் பயன்களை இமாமவர்கள் அதில் அடுக்குகிறார்கள். முன்னோர் பல நாட்கள் உண்ணாதிருந்த செய்திகளும் அங்கே நிறைய வருகின்றன. மேலோட்டமாகப் படிப்பவர் பட்டினியே இந்நூலின் போதனை என்று முடிவுகட்டிவிடுவார்.

உள்ளே நுழைந்து படித்தால் வேறொரு கஸ்ஸாலியைக் காணலாம். மிகுதியாக உண்டு பழகியவர் ஒரேயடியாகக் குறைத்தால் உடல் தாங்காது. ஆகவே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கும் தருகிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி உண்பவர் ஒரு ரொட்டிக்கு வர விரும்பினால், நாள்தோறும் ஒரு ரொட்டியின் 28இல் ஒரு பங்கையோ 30இல் ஒரு பங்கையோ குறைத்துவர வேண்டும். ஒரு மாதத்தில் இலக்கை அடைந்துவிடலாம், உடலுக்கும் தீங்கில்லை, பழக்கத்திலும் குறைவு தென்படாது. எடை போட்டும் குறைக்கலாம், கண் மதிப்பாகவும் குறைக்கலாம்.

பசியை இவ்வளவு புகழ்ந்ததற்குக் காரணத்தையும் இமாமவர்கள் மறைக்கவில்லை. மனித இயல்பு நிறைவு என்ற எல்லையை நோக்கி இழுக்கிறது. அதனை நடுவில் நிறுத்த வேண்டுமானால் எதிர் எல்லையைப் புகழ்ந்தாக வேண்டும். உண்மையான நோக்கம் நடுநிலைதான். வயிற்றின் பாரமும் தெரியாமல், பசியின் வலியும் தெரியாமல் இருக்கும் அளவே சிறந்தது என்று அவர்கள் முடிவு கூறுகிறார்கள்.

நாம் நடத்தாத பாடம்

இவ்விடத்தில் நம் சொந்தப் பிழை ஒன்றைக் கூறியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் உடல் பருத்தவர். உடன் படித்தோர் கேலி பேசுவர். நல்லதே செய்கிறோம் என்ற எண்ணத்தில் 'கஸ்ருஷ் ஷஹ்வதைன்' பகுதியிலிருந்து பசியின் சிறப்பை வகுப்பில் நடத்தினோம். நம் பார்வை எவர் மீது விழுந்தது என்பதை வகுப்பே அறிந்திருந்தது. அம்மாணவர் திங்களும் வியாழனும் நோன்பு நோற்கலானார். பிறகு நோன்பு நாட்கள் கூடின. நாம் மகிழ்ந்து, பலர் முன்னிலையில் பாராட்டவும் செய்தோம்.

சில மாதங்களுக்குப் பின் சமையற்காரர் வந்து, இரவில் மீதச் சோறு காணாமல் போவதாகச் சொன்னார். ஓரிரவு அம்மாணவரையே சமையற்கட்டின் இருட்டில் கண்டோம். விளக்கேற்றாமல், நின்றபடியே, வேகவேகமாக உண்டுகொண்டிருந்தார். கறிகூட இல்லை; வெறுஞ்சோறு. பகலில் நோன்பாளி, இரவில் திருடன் என்று கடிந்துகொண்டோம். அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றவர் திரும்பவில்லை.

நெடுநாள் கழித்து அதே பகுதியின் இறுதியை மீண்டும் படித்தபோது நமக்கு முகம் சுருங்கியது. உணவைக் குறைப்பவரைத் தாக்கும் முகஸ்துதி பற்றி இமாமவர்கள் அங்கே தனியே எழுதியிருக்கிறார்கள். ஆசையைக் கைவிட முடியாத ஒருவர், அது வெளியே தெரிவதை வெறுத்து, கூட்டத்தில் உண்ணாததைத் தனிமையில் உண்கிறார். இது மறைவான இணைவைப்பு என்று எச்சரிக்கிறார்கள். அதற்கு அவர்கள் கூறும் மாற்று என்ன? இன்னும் கடுமையாகப் பசித்திரு என்பதன்று. ஆசை இருக்குமானால் அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளட்டும்; அதுவே உள்ளதை உள்ளபடி காட்டும் வாய்மை என்கிறார்கள்.

அந்த இளைஞர் தம் பசியை எவரிடம் ஒப்புக்கொண்டிருக்க முடியும்? பாராட்டையும் பரிகாசத்தையும் தவிர வேறெதையும் அவருக்கு நாம் விட்டுவைக்கவில்லை. இருட்டுக்கு அவரை அனுப்பியது அவருடைய நஃப்ஸ் மட்டுமன்று. அப்பகுதியின் முதற்பாதியை நடத்தி, இறுதியை நடத்தாமல் விட்ட ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் சான்று

நாம் கண்டது தனியொருவரின் பலவீனம் அன்று என்பதை நவீன ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடல்நலமும் மனநலமும் மிக்க 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். அவர்களுக்கு ஏறத்தாழ 24 வாரங்கள் அரைப்பட்டினி உணவே வழங்கப்பட்டது. உடலெடையில் நான்கிலொரு பங்களவு அவர்கள் இழந்தனர். அதைவிட வியப்பானது மனத்தில் நேர்ந்த மாற்றம். அவர்களின் பேச்சும் கனவும் உணவைப் பற்றியே சுழன்றன. சிலர் சமையல் நூல்களைச் சேகரித்தனர். சிலர் விதியை மீறி மறைவாக உண்டு, பின் தம்மையே நொந்துகொண்டனர். கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் வயிறு நிறைந்ததை உணராமல் பலர் உண்டுகொண்டே இருந்தனர்.

பட்டினியே பெருந்தீனியை விதைக்கக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது. 1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குறுகிய நேரத்தில் கட்டுப்பாடின்றி உண்டு பின்னர் தம்மையே வெறுத்துக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியல் இதனைத் தனியொரு நோயாகவே ஏற்றுக்கொண்டது. 1994இல் லெப்டின், 1999இல் கிரெலின் என்னும் சுரப்புகள் கண்டறியப்பட்டன. உடலில் சேர்ந்துள்ள கொழுப்பின் அளவை முன்னது மூளைக்கு அறிவிக்கிறது. பின்னது பசியைத் தூண்டுகிறது. எடை குறையும்போது முன்னது தாழ்ந்து பின்னது உயர்வதால், மெலிந்தவரின் உடலே பழைய எடைக்கு அவரை மீண்டும் இழுக்கிறது. 2021இல் உடற்பருமனுக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செமாகுளூடைட் மருந்தை எடுத்துக்கொண்டோர் பலர், உணவைப் பற்றிய ஓயாத சிந்தனை அடங்கியதாகக் கூறுகின்றனர். மன உறுதியின் குறை என்று நாம் எண்ணியதில் உடலின் பங்கும் கணிசமாக இருந்திருக்கிறது.

உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமன் உடையவர் என்பது 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்தனை கோடி மக்களும் ஒரே தலைமுறையில் திடீரென ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று எவரும் வாதிட முடியாது.

பருமனும் பழிச்சொல்லும்

அப்படியாயின் பொறுப்பு என்று ஒன்று இல்லையா? உண்டு. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் பொருள்பட அல்-அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் இடும் கட்டளை எவருக்கும் தள்ளுபடி ஆகவில்லை. ஆனால் அளவு மீறுவது செயல். பருத்திருப்பது உடலின் நிலை. செயலைப் பற்றிய கட்டளையை உடலைப் பற்றிய தீர்ப்பாக மாற்றும் உரிமை நமக்கு இல்லை.

இதில் முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் உடல் கனத்தவர்கள். ஹஜ்ஜின்போது கூட்ட நெரிசலுக்கு முன்பே முஸ்தலிஃபாவிலிருந்து புறப்பட அவர்கள் அனுமதி கேட்டார்கள். நபிகளார் (ஸல்) அனுமதித்தார்கள். உடலைப் பற்றிய ஒரு சொல்லும் அங்கே எழவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகளார் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. மெலிந்திருந்தபோது அன்னையவர்கள் வென்றார்கள். பின்னர் உடல் சதைப்பிடித்திருந்தபோது நபிகளார் வென்று, முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று மகிழ்ந்துரைத்தார்கள். சேர்ந்து ஓடியவரின் நகைச்சுவை அது; ஓரமாக நின்று சிரித்தவரின் கேலி அன்று.

நம்மவர்களில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒருசேர நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மது அஷ்-ஷைபானீ (ரஹ்) உடல் பருத்தவர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ பல ஆண்டுகள் வயிறார உண்ணாதவர். நிறைவயிறு அறிவை மந்தமாக்கும் என்று கருதியவர். ஆயினும் தம் ஆசிரியரான ஷைபானீயைவிட இலகுவான ஆன்மாவுடைய பருத்த மனிதரைத் தாம் கண்டதில்லை என அவர் போற்றியதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. உணவில் தமக்கு ஓர் அளவுகோலை வைத்துக்கொண்ட இமாம், அதே கோலால் ஆசிரியரின் ஆன்மாவை அளக்கவில்லை.

செய்யத் தக்கவை

நம் மரபு காட்டும் வழி புலப்படாத ஒன்றன்று. குறைப்பது சிறிது சிறிதாக இருக்க வேண்டும் என்பது கஸ்ஸாலியின் கணக்கு. வயிற்றை ஏமாற்றாமல் உணவின் தன்மையை மாற்ற வேண்டும் என்பது இப்னு சீனாவின் விதி. எழுந்திருப்பது பசியா ஆசையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது ராஸீயின் பாடம். கோபத்தையும் துயரத்தையும் சோற்றால் தணிக்காமல் அவற்றுக்குரிய மருந்தால் தணிக்க வேண்டும் என்று பல்கீயிடமிருந்து கற்கலாம். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழி, கூடி உண்பதன் அருமையை உணர்த்துகிறது. கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது அருகிலிருப்பவரின் கை நம் கையை நிதானப்படுத்துகிறது. தனிமையும் இருட்டும் அந்த நிதானத்தைத் தருவதில்லை.

ரமளானையும் இக்கண்ணோட்டத்தில் நோக்கலாம். பகல் முழுதும் அடக்கிய பசியை இஃப்தாரில் பழிதீர்த்துக்கொள்வது மின்னசோட்டா இளைஞர்களின் நிலைக்கே நம்மைக் கொண்டுசேர்க்கும். பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு திறந்து, மக்ரிப் தொழுது, பின் அமைதியாக உண்பவருக்கு அந்த இடைவெளியே ஒரு மருந்து. கட்டுப்படுத்த முடியாமல் உண்பவர், உண்டதை மறைப்பவர், உண்டபின் தம்மையே வெறுப்பவர் ஆகியோர்க்கு உபதேசம் மட்டும் போதாது. மருத்துவரிடம் செல்ல அவர்களுக்குத் துணை நிற்பதும் நம் கடமையே.

சாஞ்சோ தம் அரியணையை மீட்ட பின் ஆறே ஆண்டுகளில், 966இல், நஞ்சூட்டப்பட்டு இறந்தார் என்று வரலாறு கூறுகிறது. மெலிந்த பின்னும் 'பருத்தவர்' என்ற பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. நம் மாணவர் இப்போது எங்கிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. 'கஸ்ருஷ் ஷஹ்வதைன்' பாடத்தை நாம் இன்றும் நடத்துகிறோம். இறுதிப் பகுதியிலிருந்து தொடங்கி நடத்துகிறோம்.